அரிவாளின் பதம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

அரிவாள் என்றவுடன் நம்மில் பலருக்கு எது நினைவுக்கு வருகிறது? திரைப்படச் சுவரொட்டியில் கதாநாயகனின் தோளுக்குமேல் ஓங்கி நிற்கும் அரிவாளா? செய்தித்தாளின் ஒரு மூலையில் கொலைச் செய்தியோடு படம்பிடித்துப் போடப்படும் அரிவாளா? சிவகங்கைச் சீமையில் பிறந்தவன் என்று வெளியூரில் சொல்லிக்கொண்டால், அடுத்த கேள்வி பெரும்பாலும் அரிவாளைப் பற்றியதாகவே இருக்கிறது. கேட்பவர் புன்னகையோடுதான் கேட்கிறார். ஆயினும் அந்தப் புன்னகைக்குள் ஓர் அச்சம் ஒளிந்திருப்பதைக் காணாமல் இருக்க முடிவதில்லை.

எங்கள் வீட்டிலும் ஓர் அரிவாள் உண்டு. என் தந்தையார் கரிமூட்டத்திற்கு விறகு வெட்டும் தொழிலாளி. நான் பிறப்பதற்கு முன்பே வாங்கிய அந்த அரிவாள் இன்றளவும் அவர் கையில் உழைக்கிறது. அது வெட்டியதெல்லாம் சீமைக்கருவேல மரத்தை. ஈட்டியதெல்லாம் எங்கள் வீட்டு அரிசியையும் என் தேர்வுக் கட்டணத்தையும். வெட்டவெளியில் பயன்படும் ஒரு கத்தி எப்படி இருக்க வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்று இயற்பியல் மாணவன் ஒருவன் ஆராயப் புகுந்தால், அவனுக்கு அதைவிட நல்ல பாடநூல் கிடைப்பது அரிது. அப்படி நான் படித்த பாடத்தையே இங்கு எழுத முற்படுகிறேன்.

உலகில் காடும் மேடும் உள்ள நாடுகள் எல்லாம் தத்தமக்கென்று ஒரு கத்தியை வளர்த்து வைத்திருக்கின்றன. சுவீடன் நாட்டின் மோரா என்னும் ஊர், சிறிய அலகும் மரப்பிடியும் கொண்ட கத்திகளுக்குப் பெயர் பெற்றது. நேபாளத்தாரின் குக்ரி நாம் அறிந்ததே. மலேயா நாட்டினர் 'பராங்' என்னும் நீண்ட கத்தியைக் கொண்டு காட்டில் வழி வெட்டுகின்றனர். இவை அனைத்துக்கும் பொதுவான இலக்கணம் ஒன்று உண்டு. இவை மடங்காத கத்திகள். மடக்குக் கத்தியில் அலகும் பிடியும் ஓர் ஆணியில்தான் இணைகின்றன. ஓங்கி வெட்டினால் அடி முழுவதையும் அந்த ஆணியே தாங்க வேண்டும். மடங்காத கத்தியிலோ அலகின் இரும்பே பிடிக்குள்ளும் நீண்டு செல்கிறது. எனவேதான் வெளியிடத்து வேலைக்கு மடங்காத கத்தியே ஏற்றது என்கின்றனர்.

நம் அரிவாளும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. அதிலும் வகைகள் பல. நெற்கதிர் அறுக்க, வாயில் நுண்ணிய பற்கள் கொண்ட கருக்கரிவாள். பனையேறுவோர் பாளை சீவ, தாள்போல் மெல்லிய வாயுடைய பாளை அரிவாள். விறகும் முள்ளும் வெட்ட, கனத்த முதுகும் வளைந்த மூக்கும் உடைய வெட்டரிவாள். கொங்கு நாட்டார் இதற்கு நெருங்கிய உறவான ஒன்றைக் கொடுவாள் என்பர். செய்நேர்த்திக்கு எங்கள் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி பெயர் பெற்றது. ஒரே இரும்பு, வேலைக்கு ஏற்ப இத்தனை வடிவம் எடுத்திருக்கிறது!

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், ஒரு கண்மாய்க் கரையில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை அகற்றும் பணி எங்கள் அணிக்குக் கிடைத்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் மண்ணில் நிலைத்துவிட்ட இந்த மரத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கட்டை உறுதியானது, முள் செருப்பையும் துளைப்பது, வெட்ட வெட்டத் துளிர்ப்பது. நான் தந்தையாரின் அரிவாளைக் கொண்டு சென்றிருந்தேன். நகரத்திலிருந்து வந்த என் நண்பர் ஒருவர், மலையேறுவோருக்கென்று விற்கப்படும் மடங்காத கத்தி ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். துருப்பிடிக்காத எஃகு, ரப்பர் பிடி, அழகிய உறை. நாங்கள் இருவரும் ஏழு நாட்களும் அடுத்தடுத்து நின்று வேலை செய்தோம். ஒரு கத்தியை இன்னொரு கத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வேறு ஏது?

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன். முகாமுக்கு அருகிலிருந்த மளிகைக் கடைத் தராசில் இரண்டையும் நிறுத்தோம். அரிவாள் 870 கிராம். நண்பரின் கத்தி 130 கிராம். அரிவாளின் மொத்த நீளம் 46 சென்டிமீட்டர். கத்தி 22 சென்டிமீட்டர். கட்டைவிரல் பருமனுள்ள கிளையை அரிவாள் ஒரே வெட்டில் துண்டாக்கியது. அதே கிளையில் கத்தி பட்டையைக் கீறியதோடு நின்றது. நண்பரின் கையில் வலு இல்லாமல் இல்லை. அவர் கபடி வீரர். குறை வலுவில் இல்லை, எடையில் இருந்தது. ஓங்கி வீசும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் நிறையைப் பொறுத்தது என்று முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். கனமான அரிவாளைச் சற்று மெதுவாகத்தான் வீச முடியும். ஆனால் நிறையில் இருக்கும் ஏறத்தாழ ஏழு மடங்கு வேறுபாட்டை அந்தச் சிறு வேகக்குறைவு ஈடு செய்துவிடாது.

எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் கேள்வி. நண்பரின் கத்தியை ஒரு விரலின்மேல் வைத்தால், பிடியும் அலகும் சேரும் இடத்தில் அது சமனாக நிற்கும். கையின் பிடிக்குள்ளேயே அடங்கும் கத்தி அது, செதுக்குவதற்கு ஏற்றது. அரிவாளோ பிடியின் அடியிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி, அலகின் நடுப்பகுதிக்கு அருகே சமனாகிறது. அதாவது எடை கையை விட்டு விலகி முன்னே நிற்கிறது. என் தந்தையார் இதை ஒரே வாக்கியத்தில் சொல்வார்: "நம்ம தூக்கத்தான் செய்யணும், வெட்டுறது அருவா வேலை."

இந்த வாக்கியம் எவ்வளவு சரியானது என்று அளந்து பார்க்க எனக்கு ஆசை பிறந்தது. நம் ஆய்வுக்கூடத்தில் கூட்டு ஊசல் சோதனை செய்யாத இயற்பியல் மாணவர் இருக்க மாட்டார். அதே முறையை அரிவாளுக்குப் பயன்படுத்தினேன். முகாம் முடிந்தபின், பிடியை மாற்றவேண்டிய நேரம் வந்தது. பழைய பிடியில், ஆள்காட்டி விரல் பதியும் இடத்தில் இருபுறமும் சிறு ஆணிகள் அடித்து, செங்கல் அடுக்கு இரண்டின் நடுவே அரிவாளைத் தொங்கவிட்டு ஊசலாடச் செய்தேன். 20 ஊசலாட்டங்களுக்கு 21 நொடி ஆயிற்று. கணக்கிட்டால் இதற்கு நிகரான தனி ஊசலின் நீளம் 27 சென்டிமீட்டர் வருகிறது. இந்தத் தூரத்தில் உள்ள புள்ளிக்கு ஒரு சிறப்பு உண்டு. அந்த இடத்தில் அடி விழுந்தால், விரல் பதிந்த இடத்தில் எதிர்அதிர்ச்சி தோன்றாது. வீசிய ஆற்றல் மரத்துக்கே போய்ச் சேரும். மட்டைப்பந்தாட்டக்காரர்கள் மட்டையில் தேடும் நல்ல இடமும் இதன் உறவினம்தான்.

அளவுகோலை வைத்து அந்தப் புள்ளியை அலகில் குறித்தேன். மூக்கு வளையத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வந்தது. அங்கே குனிந்து பார்த்தபோதுதான் ஒன்றைக் கண்டேன். தீட்டித் தீட்டி, அரிவாளின் வாய் மிகுதியாகக் குழிந்திருப்பது சரியாக அந்த இடத்தில்! இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தந்தையார் மரத்தில் அரிவாளைப் பதித்த இடம் அதுவே. வாய்பாடு அறியாத கை ஒன்று விடையை இரும்பிலேயே எழுதி வைத்திருந்தது. நான் செய்ததெல்லாம் அதைப் படித்தது மட்டுமே.

அரிவாளின் மூக்கு ஏன் வளைந்திருக்கிறது என்பதும் முட்காட்டில் இறங்கினால்தான் புரியும். சீமைக்கருவேலக் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கையை உள்ளே விட்டால் முள் கிழிக்கும். வளைந்த மூக்கைக் கிளையில் மாட்டி இழுத்தால், கிளை நம்மை நோக்கி வந்து தனியே நிற்கும்; அங்கேயே வெட்டலாம். வெட்டியதைத் தள்ளிப் போடவும் அதே மூக்கு உதவும். வீசும்போது தவறித் தரையில் பட்டாலும், முதலில் மண்ணைத் தொடுவது மூக்கின் முதுகுதான், வாய் தப்பிவிடும். நேரான கத்திக்கு இந்த வசதிகள் இல்லை. இரண்டாம் நாள் மாலையில் நண்பரின் முழங்கையில் இருந்த கீறல்களே அதற்குச் சாட்சி.

இதனால் நண்பரின் கத்தி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. கூடாரத்து முளைகளைக் கூர்சீவுவதற்கும், கயிறு அறுப்பதற்கும், சமையற்கூடத்தில் பூசணிக்காய் நறுக்குவதற்கும் எல்லோரும் அந்தக் கத்தியைத்தான் தேடினார்கள். எலுமிச்சம்பழம் அரிந்துவிட்டு அப்படியே வைத்தாலும் அது கறுக்கவில்லை. என் அரிவாளோ ஓரிரவு பனியில் கிடந்ததும் துருவேறியது. அந்தக் கத்தியின் மூதாதையர் பனிநாட்டுக் காடுகளில் பிறந்தவர்கள். அங்கே மென்மையான ஊசியிலை மரத்தைச் சுருள்சுருளாகச் சீவித் தீ மூட்டுவது அதன் தலையாய வேலை. அந்த வேலைக்கு மெல்லிய வாய் போதும். எங்கள் கண்மாய்க் கரை அதற்கு அந்நிய மண். ஒவ்வொரு கத்தியும் தான் பிறந்த காட்டுக்கே விடை என்பதுதான் நான் கண்டது.

ஐந்தாம் நாள் ஒன்று நடந்தது. ஒரு வேர்க்கட்டையைப் பிளக்க எண்ணிய நண்பர், கத்தியை அதன்மேல் வைத்து, முதுகில் ஒரு கட்டையால் ஓங்கித் தட்டினார். வெளிநாடுகளில் இப்படிச் சிறு விறகு பிளப்பது வழக்கமாம். மூன்றாம் அடியில் கத்தியின் வாயில் அரிசியளவு சில்லு பெயர்ந்தது. "என்ன மாப்ள, இவ்வளவு கூரா இருந்தது இப்படிப் போச்சே?" என்று அவர் வருந்தினார். கூர்மை போனதற்குக் காரணம் கூர்மையே. வாய் மெல்லியதாகவும் கடினமாகவும் இருந்தால் நெடுநேரம் கூர் மழுங்காது. ஆனால் பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் உடைந்துவிடும். மென்மையாக இருந்தால் உடையாது; ஆனால் விரைவில் மழுங்கும். கடினமும் வேண்டும், முறியாமையும் வேண்டும். இரண்டையும் ஒரே இரும்பில் இருத்துவது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடி நான் சென்ற இடம், எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள கொல்லுப்பட்டறை.

அங்குள்ள ஆசாரித் தாத்தா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். லாரிகளிலிருந்து கழிக்கப்பட்ட வில்பட்டைதான் அவருடைய மூலப்பொருள். ஆண்டுக்கணக்கில் சுமை தாங்கி வளைந்து நிமிர்ந்த அந்த எஃகில் கரி ஏறத்தாழ அரை விழுக்காடு அளவு கலந்திருக்கும். அதைக் காய்ச்சி, சம்மட்டியால் நீட்டி, முதுகைத் தடிக்கவிட்டு, வாயை ஒடுக்கி, மூக்கை வளைத்து உருவாக்குவது முதல் பாதி வேலை. இரண்டாம் பாதிக்குப் பெயர் தோய்ச்சல். அரிவாளின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பட்டறைக்குள் எப்போதும் அரை இருட்டு. சிக்கனத்திற்காக விளக்குப் போடவில்லை என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில், காய்ந்த இரும்பின் நிறத்தை வெயிலில் சரியாக மதிப்பிட முடியாது என்பதற்காகவே அந்த இருட்டு. "செவ்வரளி நிறம் வந்தா எடுத்துரணும் தம்பி. அதுக்கு மேல விட்டா இரும்பு செத்துப்போகும்" என்றார் தாத்தா. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டிக் கொண்டு போயிருந்தேன். அவர் குறித்த நிறம் வரும் வரையில் இரும்பு காந்தத்தை இழுத்தது. நிறம் வந்ததும் இழுப்பு நின்றுவிட்டது. இரும்பு தன் காந்தத் தன்மையை இழப்பது 770 டிகிரி செல்சியசில். எஃகைத் தோய்ப்பதற்குரிய வெப்பநிலையும் அதையொட்டியதே. 'இரும்பு செத்துப்போகும்' என்று அவர் சொன்னதற்கும் பொருள் உண்டு. அளவுக்கு மீறிக் காய்ச்சினால் எஃகின் உள்ளே படிகங்கள் பெருத்துவிடுகின்றன; அத்தகைய எஃகு தோய்த்தபின் எளிதில் முறியும்.

காய்ந்த அரிவாளை அவர் முழுவதுமாக நீரில் போடுவதில்லை. வாயை மட்டும் தோய்க்கிறார். வாய் சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் கடினமாகிறது. முதுகில் சூடு மிஞ்சி நிற்கிறது. உடனே ஒரு கல்துண்டால் வாயைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதுகின் சூடு மெல்ல வாயை நோக்கி ஓடி வருகிறது. பளபளத்த இடத்தில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம் என்று வண்ணங்கள் வரிசையாக நகர்கின்றன. பழுப்பு ஊதாவாக மாறப்போகும் நொடியில் முழு அரிவாளையும் நீரில் அமிழ்த்துகிறார். அதுதான் பதம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் வாய் சில்லு பெயரும். நீலம் வரை விட்டால் மழுங்கும். ஏறத்தாழ 220 டிகிரிக்கும் 300 டிகிரிக்கும் இடையில் நடக்கும் இந்த நாடகத்தை, வெப்பமானி இன்றி, கண்ணாலேயே அளக்கிறார் அவர்.

இந்த வண்ணங்கள் எங்கிருந்து வருகின்றன? இரும்பில் வண்ணம் இல்லை. சூட்டில் அதன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு ஏடு படர்கிறது. ஏட்டின் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுகின்றன. ஏட்டின் தடிமன் கூடக் கூட நிறம் மாறுகிறது. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயிலும் சோப்புக் குமிழியிலும் நாம் காணும் அதே குறுக்கீட்டு விளைவு. ஒளியியல் வகுப்பில் இப்பாடத்தைப் பேராசிரியர் நடத்தியபோது, எனக்குக் கரும்பலகையில் தெரிந்தது தாத்தாவின் அரிவாள்தான்.

ஆகவே வெட்டரிவாள் வைத்திருப்போருக்கு ஒன்று சொல்வேன். கூர் மழுங்கினால், மோட்டார்ச் சாணையில் பொறி பறக்கத் தீட்டக் கொடுக்காதீர்கள். வாயில் நீல நிறம் தோன்றினால், அந்த இடத்தில் பதம் போயிற்று என்று பொருள். தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு, பொறுமையாகத் தீட்டுவதே நல்லது. வேலை முடிந்ததும் துடைத்து, சிறிது எண்ணெய் தடவி வைத்தால் துரு அண்டாது. பிடியில் பூண் தளர்ந்திருக்கிறதா என்று வெட்டத் தொடங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டும்போது எதிரிலும் பக்கத்திலும் ஆள் நிற்கக் கூடாது.

இனி, என் மனத்தில் நெடுநாளாக உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முகாமுக்குச் செல்லும் வழியில், பேருந்தில் என் சாக்குப்பையிலிருந்த அரிவாளைக் கண்டு ஓர் அம்மையார் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். நண்பரின் இடுப்பில் தொங்கிய கத்தியையோ ஒரு சிறுவன் ஆவலோடு தொட்டுப் பார்த்தான். அந்த அம்மையாரை நான் குறை சொல்லவில்லை. அரிவாளால் நடந்த கொடுமைகள் பொய்யல்ல; அவற்றால் அழுத குடும்பங்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. 2021-ஆம் ஆண்டில், பட்டறைகளில் அரிவாள் வாங்குவோரின் பெயரையும் முகவரியையும் குறித்து வைக்குமாறு காவல்துறை அறிவுறுத்தியது. அதன்படி தாத்தாவும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். சென்ற முறை அதில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் விவரத்தை என்னையே எழுதச் சொன்னார். 'காரணம்' என்ற கட்டத்தில் 'விறகு வெட்ட' என்று எழுதினேன். அதற்கு மேலே இருந்த வரிகளைப் புரட்டிப் பார்த்தேன். முள் வெட்ட, தேங்காய் வெட்ட, வேலி கட்ட, ஆட்டுக்குக் குழை ஒடிக்க. பக்கம் பக்கமாக உழைப்பைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், வீட்டுக்கும் உழவுக்கும் மட்டுமே என்று உருவாக்கப்பட்ட பொருள்களை 'ஆயுதம்' என்னும் வரையறைக்குள் சேர்க்கவில்லை. சட்டம் காட்டும் இந்தப் பகுத்தறிவை நம் திரைப்படங்களும் காட்டினால் என்ன?

கொல்லனின் உலையைத் தாழ்வாக எண்ணுவோர், நம் பாடநூலில் பக்கத்துக்குப் பக்கம் வரும் மைக்கேல் ஃபாரடேயை நினைத்துப் பார்க்கட்டும். 1791-இல் பிறந்த அவர் ஒரு கொல்லரின் மகன். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிவதற்கு முன்பே, 1819 தொடங்கி, இந்தியாவிலிருந்து சென்ற 'ஊட்ஸ்' என்னும் உருக்கு எஃகின் இரகசியத்தை அறிய அவர் முயன்றார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தி செய்பவரோடு சேர்ந்து 1820-லும் 1822-லும் எஃகுக் கலவைகளைப் பற்றி ஆய்வுரைகள் வெளியிட்டார். அத்தகைய உருக்கு எஃகு ஆக்கிய தடயங்கள், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வறிக்கை, சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டு செல்கிறது. செய்தி வெளியான நாளில் நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். பெருமைப்பட்ட நம்மில் எத்தனை பேர் இன்று எரியும் ஓர் உலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம்?

தாத்தாவுக்கு மகன் இருவர். ஒருவர் திருப்பூரில் பனியன் ஆலையில் இருக்கிறார். மற்றவர் வாகனம் ஓட்டுகிறார். துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்விசிறி காற்றை ஊதுகிறது. சம்மட்டி அடிக்கத்தான் ஆள் இல்லை. பழுப்பு ஊதாவாகும் அந்த நொடியை அறிந்த கண்கள் அந்தப் பட்டறையில் ஒரு சோடிதான் உள்ளன. மண்ணுக்குள் புதைந்த இரும்பை அகழ்ந்து எடுக்க அறிஞர்கள் இருக்கிறார்கள். ஒரு மனிதரோடு மறைந்துபோகும் அறிவை எந்த அகழாய்வும் மீட்டுத் தராது.

நண்பர்களே! நம்மில் பலர் முதன்முறையாகக் கல்லூரிப் படியேறிய வீடுகளிலிருந்து வந்தவர்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கைகளில் தறி உண்டு, சக்கரம் உண்டு, வலை உண்டு, அரிவாள் உண்டு. இங்கு கற்கும் வாய்பாடுகளை ஒருமுறை வீட்டுக்கு எடுத்துச் சென்று அந்தக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அளந்து பாருங்கள், கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். தாத்தாவின் தோய்ச்சல் முறையை நிறம் நிறமாக, நொடிக் கணக்கோடு ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினெட்டுப் பக்கங்கள் ஆகியிருக்கின்றன. இன்னும் மண்வெட்டியும் கோடரியும் பாளை அரிவாளும் மீதி இருக்கின்றன.